குணசீலத்தில் 48 நாள்: டெல்டாக்காரன் மனசு சரியாக என்ன செஞ்சான்?

நீளமான இழை மக்களே. ஒரு டீ போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க.

"மனசு நல்லா இருக்க தினமும் என்ன பண்ணணும் டாக்டர்?" இந்தக் கேள்வி வாராவாரம் வருது. நடங்க, தூங்குங்க, போனைத் தள்ளி வைங்கன்னு பத்து பாயிண்ட் எழுதிப் போட்டா என் வேலை முடிஞ்சிடும். ஆனா அந்தப் பத்தும் உங்களுக்கே தெரியும். தெரிஞ்சும் ஏன் செய்ய முடியல? அதுதான் விஷயம். அதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்க காவிரிக்கரை வரலாறுதான் ஞாபகத்துக்கு வரும். இன்னிக்கு அதைச் சொல்றேன்.

சில வருஷம் முன்னாடி, ஆத்துல தண்ணி வராத ஒரு கோடை. திருவையாறு பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்தார். அம்பது வயசு தாண்டினவர், அரை வேலி நிலம். (வேலின்னா இருபது மா, ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். இளைஞர்களுக்காகச் சொல்றேன்.) அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

வந்தது மனசுக்காக இல்லை. "வயித்துல எரிச்சல் சார், சாப்பாடு இறங்கல, ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு தட்டிடுது." நான் பொது மருத்துவர். டெல்டாவுல மனச்சோர்வு பெரும்பாலும் வயிறு வழியாத்தான் உள்ளே வரும். மூணு டாக்டர்கிட்ட எண்டோஸ்கோப்பி வரைக்கும் பார்த்துட்டு வந்திருந்தார். எல்லாம் நார்மல்.

கூட வந்த அவர் சம்சாரம்தான் மெதுவா சொன்னாங்க: "வயலுக்கே போறதில்லைங்க. டீக்கடைக்கும் போறதில்லை. மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்காரு."

மனநல மருத்துவர்கிட்ட அனுப்பினேன். அவர் மாத்திரை ஆரம்பிச்சார். ரெண்டு வாரம் கழிச்சு இவங்க திரும்ப என்கிட்ட வந்து கேட்டது: "குணசீலத்துல ஒரு மண்டலம் இருந்துட்டு வரலாம்னு இருக்கோம் சார். மாத்திரையை நிறுத்திடலாமா?"

படிச்ச டாக்டர் என்ன சொல்லணும்? "மூடநம்பிக்கை, போகாதீங்க"ன்னு சொல்லணும். பத்து வருஷம் முன்னாடி நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அன்னிக்கு நான் சொன்னது: "போயிட்டு வாங்கய்யா. மாத்திரையையும் எடுத்துக்கிட்டுப் போங்க. ஒரு வேளை கூட விடக்கூடாது."

ஏன் அப்படிச் சொன்னேன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

குணசீலம் திருச்சியிலிருந்து முசிறி போற வழியில, காவிரியின் வடகரையில் இருக்கு. பிரசன்ன வெங்கடாசலபதி கோவில். கையில் செங்கோலோடு நிற்கும் பெருமாள். புத்தி பேதலிச்சவங்க, சித்தப்பிரமை பிடிச்சவங்கன்னு ஊர் சொல்றவங்களைத் தலைமுறை தலைமுறையா இங்கே கூட்டிட்டு வருவாங்க. வந்த அன்னிக்கே திரும்பிப் போறதில்லை. 48 நாள் தங்கணும். காலையில ஆத்துல குளியல், பிறகு தரிசனம், உச்சிக்காலப் பூசையிலும் ராத்திரிப் பூசையிலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பாங்க. கூட ஒரு சொந்தக்காரர் இருப்பார். மறுநாளும் அதேதான். அதுக்கு அடுத்த நாளும்.

டெல்டாவுல இது மட்டும் இல்லை. கும்பகோணத்துக்குக் கிழக்கே திருபுவனத்தில் மூன்றாம் குலோத்துங்கன் கட்டின பெரிய கோவில் இருக்கு. அங்கே சாமி பேரே கம்பகரேசுவரர், தமிழ்ல நடுக்கந்தீர்த்த பெருமான். யாருடைய நடுக்கம்? தலபுராணம் ஒரு ராஜாவுடைய நடுக்கத்தைச் சொல்லுது. அதே ராஜா கதையின் பெரிய பகுதி பக்கத்து ஊரான திருவிடைமருதூர்ல நடக்குது.

வரகுண பாண்டியன் குதிரையில வேகமா வர்றான். வழியில படுத்திருந்த ஒரு பிராமணன் குதிரைக் காலில் மிதிபட்டுச் சாகிறான். ராஜாவுக்கு அது தெரியவே தெரியாது. தெரிய வந்ததுக்கப்புறம் தூக்கம் போச்சு. செத்தவன் ஆவி, பிரம்மஹத்தி, கூடவே வருது. எத்தனையோ தானதர்மம் பண்ணியும் விடல. கடைசியில திருவிடைமருதூர் கிழக்கு வாசல் வழியா உள்ளே போறான், பிரம்மஹத்தி வாசல்லயே நின்னுடுது. இவன் வேற வாசல் வழியா வெளியேறிடறான். இன்னிக்கும் அந்தச் சிலை கிழக்கு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கு, போன வழியே திரும்பி வரக்கூடாதுங்கற வழக்கமும் இருக்கு.

புராணத்தை கேஸ் ஷீட் மாதிரி படிக்கறது ஆபத்து, எனக்கும் தெரியும். ஆனா தெரியாம நடந்த ஒரு சாவுக்காக வருஷக்கணக்கா தூங்காத லாரி டிரைவரை நான் பார்த்திருக்கேன். அவர்கிட்ட "அது உங்க தப்பு இல்லை"ன்னு சொன்னா காதுல ஏறாது. கதை அவனை மன்னிக்கல, கவனிச்சீங்களா? ஆவி அழியல. வாசல்ல உட்கார்ந்துதான் இருக்கு. இவன் அதைத் தாண்டி நடந்து வேற பக்கமா வெளியே வர்றான்.

நடக்கறதும் அங்கே முக்கியம். திருவிடைமருதூர் வெளிப் பிரகாரத்துக்கு அஸ்வமேதப் பிரகாரம்னு பேர். சித்தப்பிரமை உள்ளவங்க அதை வலம் வந்தா தெளியும்னு நம்பிக்கை. பெரிய பிரகாரம். தினம் சில சுற்று வந்தாலே நாம இப்போ ஆப் வச்சு எண்ணற அடிகள் தன்னால கணக்குல ஏறிடும்.

இதே மாதிரி நாகூர் தர்காவிலும் மனநலம் பாதிச்சவங்க நாள்கணக்கா தங்குவாங்க. மதம் வேற, முறை ஏறக்குறைய ஒண்ணுதான்: வீட்டை விட்டு வந்து தங்கு, குளி, நேரத்துக்கு எழுந்திரு, கூட்டத்தோட இரு.

இது நம்ம ஊர் அதிசயம் மட்டும்னு நினைச்சுடாதீங்க. பெல்ஜியத்தில் கீல்னு ஒரு ஊர். புனித டிம்ப்னா கோவிலுக்கு மனநோயாளிகளைக் கூட்டிட்டு வருவாங்க. கோவில் விடுதியில இடம் பத்தாம ஊர்க்காரங்க தங்கள் வீட்டிலேயே தங்க வச்சுக்கிட்டாங்க. நோயாளி அந்த வீட்டுப் பிள்ளை மாதிரி மாடு மேய்ப்பார், விறகு வெட்டுவார். நூற்றாண்டுகளா இது நடந்துச்சு. 1930களின் கடைசியில் 3,500-க்கும் மேலானவங்க அப்படி அந்த ஊர் வீடுகளில் இருந்தாங்க. இங்கிலாந்தில் 1796-ல் வில்லியம் டியூக் தொடங்கின யார்க் ரிட்ரீட்டும் இந்த வழிதான். சங்கிலி இல்லை, தோட்ட வேலை, நடை, டீ, மரியாதையான பேச்சு.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1794-ல், சென்னையில கம்பெனிக்காரங்க மனநோயாளிகளுக்கு ஒரு காப்பகம் ஆரம்பிச்சுட்டாங்க. அது 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்குப் போச்சு. அப்புறம் சினிமாக்காரங்க புண்ணியத்துல "கீழ்ப்பாக்கம் கேஸ்" ஒரு வசவாவே ஆகிடுச்சு. அந்த ஒரு வசவு எத்தனை பேரை டாக்டர்கிட்ட வரவிடாம தடுத்திருக்குன்னு நினைச்சா எனக்கு அந்த காமெடி காட்சிகளுக்குச் சிரிப்பே வர்றதில்லை.

சரி, கோவில்ல தங்கினா நிஜமாவே குணமாகுமா?

2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு சின்ன ஆய்வு வந்துச்சு. பண்ணினது பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள். இடம், தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர்ங்கற ஊர்ல இருக்கும் முத்துசாமி கோவில். அங்கே தங்க வந்த 31 பேரைப் பார்த்தாங்க. பெரும்பாலும் ஸ்கிசோஃப்ரினியா மாதிரியான தீவிர நோய் உள்ளவங்க. ஏறக்குறைய ஆறு வாரம் தங்கல். மருந்து கிடையாது. பேயோட்டறது, அடிக்கறது எதுவும் கிடையாது. காலையில கொஞ்ச நேரம் பிரார்த்தனை. மத்தபடி கோவிலைப் பெருக்கறது, செடிக்குத் தண்ணி ஊத்தறதுன்னு சின்னச் சின்ன வேலை. கூட ஒரு குடும்பத்தார். போகும்போது நோய் அறிகுறிகளை மதிப்பெண் போட்டுப் பார்த்தா, ஏறக்குறைய 20 சதவீதம் குறைஞ்சிருந்தது.

உடனே ஷேர் பண்ணக் கிளம்பாதீங்க, நில்லுங்க. 31 பேர்தான். கோவிலுக்கு வராத இன்னொரு கூட்டத்தோட ஒப்பிட்டுப் பார்க்கல. 20 சதவீதம்னா முழுசா குணம் இல்லை. "கோவில் போதும், மருந்து வேண்டாம்"னு அந்த ஆய்வை வச்சு யாராவது சொன்னா, அவங்க அதைப் படிக்கலைன்னு அர்த்தம். எனக்கு அதுல பிடிச்சது வேற. சடங்குன்னு பெருசா எதுவுமே இல்லாம, ஒரு நாளோட அமைப்பு மட்டும் அவ்வளவு வேலை செஞ்சிருக்கு.

இப்போ இதோட இன்னொரு முகம்.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவுக்கு வர்ற மனநோயாளிகளைத் தங்க வைக்கத் தனியார் நடத்தின கொட்டகைகள் நிறைய இருந்துச்சு. அதுல ஒண்ணுல விடியற்காலையில தீப்பிடிச்சது. உள்ளே இருந்தவங்களைச் சங்கிலியால கட்டிப் போட்டிருந்தாங்க. ஓட முடியல. 28 பேர் செத்துப் போனாங்க.

அவங்களுக்கும் ஒரு நாள் அட்டவணை இருந்திருக்கும். விடியலில் எழுப்பியிருப்பாங்க, தொழுகை நேரத்துக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. பார்க்கறதுக்கு கீல், குணசீலம், ஏர்வாடி மூணும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும். கால்ல என்ன இருந்துச்சுங்கறதுதான் வித்தியாசம்.

அதுக்கப்புறம் உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்கா எடுத்துச்சு. அனுமதி இல்லாத இல்லங்களை அரசு மூடுச்சு. குணசீலத்திலும் மாற்றம் வந்துச்சு: அரசு அனுமதி பெற்ற மறுவாழ்வு மையம், மனநல மருத்துவர் வந்து பார்க்கற ஏற்பாடு. தீர்த்தமும் உண்டு, மாத்திரையும் உண்டு. ஏர்வாடி தர்காவிலும் பிறகு "தவா-துவா" வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் சேர்த்து. 2017-ல வந்த மனநல மருத்துவச் சட்டத்தில் மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாதுன்னு தெளிவா தடை இருக்கு. உங்க தெருவுல யாரையாவது கட்டிப் போட்டிருந்தா அது "அவங்க வீட்டு விஷயம்" இல்லை. சட்டப்படி குற்றம்.

இந்த சங்கிலி விஷயத்தை இன்னும் கொஞ்சம் பேசணும். ஏன்னா டெல்டாவுல அது கோவில்ல மட்டும் இருக்கல.

"அந்தக் காலத்துல எல்லாரும் விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்தாங்க, வயல்ல உழைச்சாங்க, கஞ்சி குடிச்சாங்க, டிப்ரஷனே இல்லை"ன்னு ஒரு வாட்சப் பார்வேர்டு சுத்துது. உங்களுக்கும் வந்திருக்கும். அனுப்பினவர் எந்தத் தெருவுல பிறந்தார்னு கேட்கத் தோணும் எனக்கு. கீழத்தஞ்சையில பண்ணையாள் நாலு மணிக்கு எழுந்தது உண்மை. எழுந்திருக்கலைன்னா என்ன நடக்கும்? சாணிப்பால், சவுக்கடி. ரெண்டும் பேச்சுக்குச் சொல்ற உவமை இல்லை, நிஜ தண்டனைகள். பி. சீனிவாசராவ் மாதிரியானவங்க 1940கள்ல ஊர் ஊராப் போய்ச் சங்கம் கட்டினதும், 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் இதுக்காகத்தான். அதுக்கப்புறமும், கூலி கேட்ட தகராறுல, 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில ஒரே குடிசைக்குள்ள 44 பேர் எரிஞ்சு செத்தாங்க.

அதே நாலு மணி. மிராசுதார் எழுந்து வரப்புல நடந்தா அது காலை நடை. பண்ணையாள் எழுந்தா அடி வாங்காம இருக்க. உடம்புல ஓடற ரத்தம் ஒண்ணுதான், மனசுக்குப் போற சேதி வேற. "என் நாளை நான் நடத்தறேன்"ங்கற உணர்வு இல்லாத ஒழுங்கு மனசைக் காப்பாத்தாது. அரைச்சுடும். அதனால பழைய டெல்டா வாழ்க்கையே மருந்துன்னு நான் சொல்ல வரல. அந்த வாழ்க்கையில ஒரு பகுதி மருந்து. எந்தப் பகுதின்னு பிரிச்சு எடுக்கணும்.

பிரிச்சு எடுத்த வேலையை 1970கள்ல அமெரிக்காவுல பீட்டர் லெவின்சன்னு ஒரு உளவியலாளர் ஆரம்பிச்சார். அவர் சொன்னது ரொம்ப எளிமை. மனசு சோர்ந்தா வேலையை நிறுத்தறோம். வேலையை நிறுத்தினா, வேலையிலிருந்து கிடைக்கற சின்னச் சின்ன சந்தோஷமும் பாராட்டும் நின்னு போகுது. அதனால மனசு இன்னும் சோருது. கிணத்துக்குள்ள இறங்கற படிக்கட்டு மாதிரி. மேலே வர்றதும் அதே படி வழியாத்தான்: முதல்ல செய், உணர்வு பின்னாடி வரும்.

நமக்கு இது தலைகீழா படும். "மனசு சரியாகட்டும், அப்புறம் வயலுக்குப் போறேன்"னுதான் எல்லாரும் சொல்வாங்க. 1996-ல் நீல் ஜேக்கப்சன் குழு ஒரு சோதனை பண்ணுச்சு. எண்ணங்களை ஆராய்ஞ்சு மாத்தற முழு சிகிச்சையை ஒரு கூட்டத்துக்கும், அதுல வெறும் செயல் பகுதியை மட்டும் இன்னொரு கூட்டத்துக்கும் கொடுத்தாங்க. செயல் மட்டுமே முழு சிகிச்சைக்குச் சமமா நின்னுச்சு.

அமெரிக்காவுல சரி, நம்ம ஊருக்கு ஒத்து வருமா? கோவாவுல பண்ணிப் பார்த்தாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்ற, மனச்சோர்வு நல்லாவே முத்தின ஏறக்குறைய 500 பேர். பேசினவங்க டாக்டரும் இல்லை, உளவியலாளரும் இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். ஆறிலிருந்து எட்டு சந்திப்பு. நாளை எப்படி நடத்தறது, எந்த வேலையை மறுபடி தொடங்கறதுன்னு பேச்சு. மூணு மாசத்துல நோயிலிருந்து மீண்டவங்க அந்தக் கூட்டத்தில் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்ச கூட்டத்தில் 39. 2017-ல் லான்செட்ல வந்துச்சு.

இப்போ திருவையாறுக்காரருக்கு வருவோம்.

அவருக்கு என்ன நடந்துச்சுன்னு புரிய டெல்டாவுடைய கடிகாரம் தெரியணும். 1934-ல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து இங்கே வருஷம் ஜூன் 12-ல் பிறக்கும். அன்னிக்குத் தண்ணி திறந்தா, நாத்தங்கால் விடணும், குறுவை நடணும். குறுவை அறுத்த கையோட தாளடி. ஒருபோக நிலத்துல சம்பா. தை அறுப்பு. அறுப்புக்கு முன்னாடியே ஈரத்துல உளுந்து, பயறு தெளிப்பு. வாய்க்கால் தூர்வாரணும், வரப்பு வெட்டணும், முறை வச்சுத் தண்ணி பாய்ச்சணும். ராத்திரி மடை திறக்கப் போகும்போது எதிர்ல வர்றவர்கிட்ட ஒரு பீடி, ரெண்டு வார்த்தை. ஒருத்தருக்குத் தனியா அலாரம் தேவையே இல்லை. ஆறுதான் அலாரம்.

2012-லேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கல. 2016 வடகிழக்குப் பருவமழையும் பொய்ச்சு, 2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசு அறிவிச்சது. அடுத்த வருஷம் நவம்பர் 16-ல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையை வேரோட சாய்ச்சது. பத்திரிகையில எல்லாம் நஷ்டத்தை ரூபாயிலயும் ஏக்கர்லயும் எழுதினாங்க. அது முக்கியம்தான், கடன் நிஜம். ஆனா ஒரு விவசாயிக்குத் தண்ணி வரலைன்னா பணத்தோட சேர்ந்து இன்னொண்ணும் போகுது: காலையில எழுந்திருக்க ஒரு காரணம். டீக்கடைக்குப் போனா "என்ன, நட்டாச்சா?"ன்னு கேட்பாங்க. பதில் இல்லை, அதனால டீக்கடையை நிறுத்து. சங்கத்துல கடன் பாக்கி, அதனால அந்தத் தெரு வழியாப் போகாதே. ஒண்ணொண்ணா நிறுத்திட்டு வந்தா கடைசியில மிச்சம் இருக்கறது ஒரு கட்டிலும் மோட்டுவளையும்.

கொள்கை பேசற நண்பர்கள் இங்கே கோபப்படுவாங்க: "தண்ணி கொடுக்கறதை விட்டுட்டு நடைப்பயிற்சி சொல்றீங்களா?" நியாயமான கோபம். தண்ணிக்கும் கடனுக்கும் நான் மருந்து எழுத முடியாது. அதுக்குப் போராடவும் காலையில எழுந்திருக்கற ஆள் வேணும், அவ்வளவுதான் என் கணக்கு.

ஒரு மண்டலம் முடிஞ்சு அவர் திரும்பி வந்தார். சட்டைப் பையில மாத்திரை அட்டை, காலி. சம்சாரம் எண்ணி எண்ணிக் கொடுத்திருக்காங்க. "எப்படி இருந்துச்சுங்கய்யா?"

"மொத வாரம் நரகம் சார். எழுந்திருக்கவே பிடிக்கல. இவ இழுத்துக்கிட்டுப் போவா. ஆத்துல தண்ணியே இல்லை, ஊத்துல மொண்டு மொண்டு குளிச்சேன். மூணாவது வாரத்துல பக்கத்து ரூம் பையன் ஒருத்தன், காலேஜ் படிச்சவன், பேசவே மாட்டான், அவனை நான் எழுப்பிக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சேன்."

கவனிங்க. முதல் வாரம் சம்சாரம் இழுத்தாங்க. மூணாவது வாரம் இவர் இன்னொருத்தரை எழுப்பினார். சாமி செஞ்சதா, மாத்திரை செஞ்சதா, காலை வெயில் செஞ்சதா? மனச்சோர்வு மாத்திரை வேலை காட்ட ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும், அதனால மாத்திரைக்குப் பங்கு உண்டு. தினமும் ஒரே நேரத்துல கண்ணுல படற காலை வெளிச்சம் மூளையோட தூக்கக் கடிகாரத்தைச் சரி பண்ணும், அதுக்கும் பங்கு உண்டு. அவரைக் கேட்டா பெருமாள்ம்பார். நான் அவரோட சண்டை போடல.

எனக்கு இருந்த பயம் வேற. வீட்டுக்குப் போனா மணி அடிக்க யாரும் இல்லையே. அதனால சீட்டுல மாத்திரைக்குக் கீழே எழுதிக் கொடுத்தேன்: அஞ்சரைக்கு எழுந்திரிக்கணும், தூக்கம் வந்தாலும் வராட்டியும். தரிசா கிடந்தாலும் வயலை ஒரு சுத்து பார்த்துட்டு வரணும். டீக்கடையில ஒரு டீ, யாராவது ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை. பகல்ல கட்டில்ல படுக்கக் கூடாது. நாளுக்கு ஒரு சின்ன வேலையை முடிக்கணும்: வேலி முள் கட்டறது, மண்வெட்டிக்குப் பிடி போடறது, எதுவானாலும். எந்த வேலைன்னு நான் சொல்லல. முந்தின நாள் ராத்திரி அவரே முடிவு பண்ணணும். அந்த ஒண்ணை மட்டும் அடிக்கோடிட்டேன்.

அவர் சம்சாரத்துக்கும் ஏதாவது எழுதியிருக்கணுமேன்னு அப்புறம்தான் உறைச்சுது. டெல்டா வீட்டுப் பெண்ணுக்கு "ஆக்டிவா இருங்க"ன்னு சொல்ற டாக்டருக்கு அடி விழணும். வாசல் தெளிச்சுக் கோலம் போடறதுல ஆரம்பிச்சு ராத்திரி பாத்திரம் கவிழ்க்கற வரைக்கும் அவங்க நாள் நிரம்பி வழியுது. அதுல அவங்களே தேர்ந்தெடுத்தது எவ்வளவு? கோலம் கூட சிலருக்குச் சந்தோஷம், சிலருக்கு இன்னொரு வேலை. அதனால பெண்களுக்கு நான் வேலையைக் கூட்டறதில்லை. "வாரத்துல எந்த நேரம் உங்களுடையது?"ன்னு கேட்பேன். நிறைய பேர் சொன்ன பதில் என்னை ஆச்சரியப்படுத்துச்சு: நூறு நாள் வேலை. கூலி கம்மிதான், வெயில்தான், ஆனா நாலு பேரோட உட்கார்ந்து பேசலாம், நம்ம கையில காசு வரும். இன்னும் சிலர் மகளிர் குழுக் கூட்டத்தைச் சொன்னாங்க. இந்த அம்மா சொன்னது, செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு அக்காவோட திருவையாறு நடந்து போய் வர்றது. அந்த செவ்வாயை யாருக்காகவும் விடாதீங்கன்னு சொன்னேன்.

நடுவுல ஒண்ணு. தினசரிப் பழக்கம் லேசான சோர்வுக்குத் தனியாவே கை கொடுக்கும். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல எதிலும் பிடிப்பில்லாம, தூக்கமோ பசியோ கெட்டுப் போய், வேலை பார்க்க முடியாம இருந்தா டாக்டரைப் பாருங்க. காதுல குரல் கேட்டா, சந்தேகம் முத்தினா, உடனே பாருங்க. "இருந்து என்ன ஆகப் போகுது"ன்னு யாராவது சொன்னா அதைச் சும்மா பேச்சுன்னு தள்ளாதீங்க. நேரடியா கேளுங்க: "சாகணும்னு தோணுதா?" கேட்டா எண்ணம் வராது, பாரம் இறங்கும். டெல்டா வீடுகள்ல பூச்சிமருந்து டப்பா திண்ணையிலயே இருக்கும். அதை முதல்ல எடுத்துப் பூட்டுங்க, சாவியை வேற ஆள் வச்சுக்கட்டும். இந்த ஒரு காரியம் உயிரைக் காப்பாத்தும். டெலிமானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம். 104-லயும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டம் இப்போ எல்லா மாவட்டத்திலும் இருக்கு. இந்தியாவுல அது முதன்முதல்ல 1990களில் தொடங்கின நாலு மாவட்டங்கள்ல ஒண்ணு நம்ம திருச்சி. குணசீலம் இருக்கற அதே மாவட்டம்.

அவர் மாசத்துக்கு ஒரு தடவை வந்துக்கிட்டிருந்தார். ரெண்டாவது மாசம் கொஞ்சம் சறுக்கினார், ஒரு வாரம் கட்டில்லயே இருந்திருக்கார். மறுபடியும் அஞ்சரையிலிருந்து ஆரம்பிச்சோம். மாத்திரையை நிறுத்தலாமான்னு ஒவ்வொரு தடவையும் கேட்பார். இன்னும் ஆறு மாசம்னு ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

அப்புறம் ஒரு தடவை அவர் வரல, போன் வந்துச்சு. பின்னாடி இன்ஜின் சத்தம். ஆத்துல தண்ணி விட்டுட்டாங்களாம்.

"சார், அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தீங்க. நடவுக்கு ஆள் சொல்லிட்டேன். வேற தேதி கொடுக்க முடியுமா?"

"மாத்திரை இருக்காய்யா?"

"பத்து நாளைக்கு இருக்கு சார்."

பத்து நாளைக்குள்ள ஒரு தேதி கொடுத்தேன்.